ஹட்டன் பாவித்த சாமான் கடையும் ஹிரோஷிமாவின் சிவப்புத் தொப்பியும்

ஹட்டனில் டிக்கோயா பக்கம் போகிற வீதியில், ஒரு பாமசிக்கு மேல்மாடியில் ஜப்பான் பாவித்த சாமான் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டின் அடியில் இரண்டு பழைய சைக்கிளும் ஒரு கூடை நிறைய சில்வர் கரண்டியும் வைத்திருந்தால் கடை திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுச் சாமான் தேடும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளுக்கு நல்ல பொருளைக் கட்டுப்படியான விலையில் வாங்க நினைக்கும் தாய்தகப்பனுக்கும் இந்தக் கடையைத் தைரியமாகச் சொல்வேன். சில குறைகள் உண்டு, அதையும் எழுதுகிறேன். ஆனால் இங்கே குவிந்து கிடக்கிற சாமான்களில் சில, விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியாத ஒரு வரலாற்றோடு வந்து இறங்குகின்றன. அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது. இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

நான் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை. எங்கள் பெண் பிள்ளைகள் எல்லே நன்றாக விளையாடுவார்கள். மூங்கில் கம்பால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு அது, பிடிப்பதெல்லாம் வெறுங்கையால்தான். அந்தக் கண்ணும் காலும் இருக்கிற பிள்ளைகளைப் பேஸ்போலுக்குப் பழக்கினால் நன்றாக வருவார்கள் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம். ஹோமாகமவுக்குப் பக்கத்தில் தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானமே இருக்கிறது. அங்கே போய் விளையாடும் பிள்ளைகளில் ஏன் எங்கள் தோட்டத்துப் பிள்ளையும் இருக்கக் கூடாது? ஆனால் பேஸ்போலுக்குக் கிளவுஸ் வேண்டும். புதிதாக வாங்கப் போனால் எங்கள் விளையாட்டு நிதி ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்தக் கடைப் படி ஏறினேன்.

கடை நீளமான ஒரே அறை. வலப்பக்கம் முழுக்கப் பீங்கான்: பிடி இல்லாத தேநீர்க் கோப்பை, சூப் கிண்ணம், மீன் வடிவத் தட்டு. இடப்பக்கம் ரைஸ் குக்கர், ஹீட்டர், தையல் மெஷின். நடுவில் பாடசாலைப் பை, கித்தார், கோல்ஃப் மட்டை, மழைக் கோட். மின்சாரச் சாமான் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. நேராகப் பிளக்கில் செருகினால் அதோடு முடிந்தது. கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்கிறார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனாலும் டிரான்ஸ்போமர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிளவுஸ்கள் கடைசியில், தாச்சிச் சட்டி அடுக்கிய ராக்கைக்குக் கீழே, உடுப்புக் கூடை ஒன்றில் இருக்கும். யாரும் அதைத் தேடி வருவதில்லை போல, மேலே தூசி. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "மற்றக் கை எங்கே?" என்று கேட்பார்களாம். மற்றக் கை கிடையாது. வலக்கையால் எறிகிற பிள்ளை இடக்கையில் மாட்டிக்கொள்வது இது, ஒரு கைக்கு மட்டும்தான்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் கடையில் சொல்லித்தர ஆள் இல்லை. முதலில் உள்ளங்கைப் பகுதியை மடக்கி விரித்துப் பாருங்கள். தோல் வெடித்து உள்ளே பஞ்சு தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரல்களுக்கு இடையே வலைபோலக் கோர்த்த தோல் வார் அறுந்திருந்தால் பரவாயில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்து தைக்கிற ஐயாவிடம் கொடுத்தேன், புது வார் கோர்த்துப் பழையபடி இறுக்கிக் கொடுத்துவிட்டார். பூஞ்சணம் இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு அது ஒரு கிளவுஸில் இருந்தால் மற்றதுக்கும் ஏறிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து துணியால் துடைத்து, வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், மலைக் குளிருக்கு அது உறைந்து தையல் எல்லாம் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு விரல் நுனியளவு வாஸ்லின் போதும்.

அப்புறம், ஜப்பானில் இரண்டு வகைப் பந்து உண்டு. ஒன்று தோல் போர்த்திய கடினப் பந்து. மற்றது பிள்ளைகளும் பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்களும் பாவிக்கிற ரப்பர் பந்து. கிளவுஸும் அதற்கேற்ப இரண்டு வகை. ரப்பர் பந்துக்கான கிளவுஸ் மெல்லியது, மாட்டினால் இலகுவாக இருக்கும், ஆனால் கடினப் பந்தை அதில் பிடித்தால் உள்ளங்கை சிவந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கிற லேபிளிலோ மணிக்கட்டுப் பக்கத்திலோ எது என்று எழுதியிருக்கும். போன் கெமராவின் மொழிபெயர்ப்பைக் காட்டினால் போதும். பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் பந்து வகையே நல்லது, பயம் வராது. நான் வாங்கியதில் பெரும்பாலானவை அந்த வகை. ஒன்று சராசரியாக 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. தையல், தோல், வடிவம் எதிலும் குறை சொல்ல முடியாது. யாரோ ஒரு பிள்ளை வருடக்கணக்காகப் பாவித்துப் பழக்கிய தோல், முதல் நாளே கைக்கு இசைந்து மடங்குகிறது.

தொப்பி அந்தக் கூடையின் அடியில்தான் கிடந்தது. சிவப்புத் துணி, முன்பக்கம் வெள்ளையில் ஆங்கில C எழுத்து. முனை இடப்பக்கம் கொஞ்சம் வெளிறி இருந்தது. உள்பட்டியில் கறுப்பு மார்க்கரால் ஒரு சின்னப் பிள்ளையின் கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

"இது எவ்வளவு முதலாளி?"

"அது ஏதோ கம்பெனித் தொப்பி டீச்சர். எண்ணூறு குடுங்க."

"ஆறுநூறுக்குப் பாருங்க."

"சரி, புள்ளைங்களுக்குத்தானே. எடுத்துக்கங்க."

அமெரிக்காவில் சின்சினாட்டி ரெட்ஸ் என்ற அணிக்கும் கிட்டத்தட்ட இதே போன்ற சிவப்புத் தொப்பி, இதே போன்ற எழுத்து. அதுவாக இருக்கும் என்று நினைத்து லேபிளைப் பார்த்தால் ஹிரோஷிமா டோயோ கார்ப் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இந்த அணி எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டது.

ஹிரோஷிமா என்றதும் நம் எல்லோருக்கும் 1945 ஓகஸ்ட் 6 தான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு அந்த ஊர் என்ன செய்தது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. நாலு வருடம் கழித்து, 1949 கடைசியில், ஜப்பானின் தொழில்முறைப் பேஸ்போல் இரண்டு லீக்காகப் பிரிந்தது. புதிய அணிகளுக்கு இடம் வந்தது. டோக்கியோவின் ஜயன்ட்ஸுக்குப் பின்னால் யோமியுரி பத்திரிகை, டைகர்ஸுக்குப் பின்னால் ஹன்ஷின் ரயில் கம்பெனி என்று ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெரிய முதலாளி இருந்தார். ஹிரோஷிமாவுக்கு அப்படி யாரும் இல்லை. மாகாணமும் மாநகரமும் உள்ளூர்க் கம்பெனிகளும் ஊர்ச் சனமுமாகச் சேர்ந்து ஓர் அணியை உண்டாக்கினார்கள். கெண்டைக் கோட்டை என்று பெயர் பெற்ற ஊர்க் கோட்டையை நினைத்து கார்ப் என்று பெயர் வைத்தார்கள்.

1950 இல் முதல் பருவம். 41 வெற்றி, 96 தோல்வி, ஒன்று சமநிலை. எட்டு அணியில் எட்டாவது இடம். முதல் இடம் பிடித்த ஷோச்சிக்கு ரொபின்ஸ் அணிக்கும் இவர்களுக்கும் 59 ஆட்ட இடைவெளி. பணம் இல்லை, சம்பளம் பிந்தியது. பயிற்றுநர் இஷிமொட்டோ ஷூஇச்சி ஹிரோஷிமாவிலேயே பிறந்தவர், போருக்கு முன் டைகர்ஸ் அணியைச் சாம்பியனாக்கியவர். நினைத்திருந்தால் வசதியான இடத்தில் இருந்திருக்கலாம்.

1951 வசந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அணியைக் கலைத்துவிடுவது, அல்லது டையோ என்ற அணியோடு சேர்த்துவிடுவது என்று பேச்சு வந்தது. இஷிமொட்டோ விடவில்லை. ஊர் ஊராக, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பேசினார். ஆதரவாளர் சங்கங்கள் உருவாகின. ஆட்டத்தைக் கவனிப்பதைக் கூட உதவிப் பயிற்றுநர் ஷிராஇஷியிடம் விட்டுவிட்டு அவர் பணம் சேர்க்கப் போனார். மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய் ஒன்றை வைத்தார்கள். ஆட்டம் பார்க்க வந்த சனம் கையில் இருந்த சில்லறையை அதில் போட்டது. குண்டு விழுந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. வீடு இழந்தவர்கள், பிள்ளை இழந்தவர்கள், உடம்பில் காயத்தோடு இருந்தவர்கள் வாழ்ந்த ஊர் அது. அந்த ஊரின் சில்லறையில்தான் அணி பிழைத்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நம் ஆட்கள் நினைவுக்கு வராமல் இல்லை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அடுத்த வருடம் வாக்கும் பறிபோய், தோட்டத்துச் சனம் நாடற்றவர்களாக நின்ற அதே காலம். அந்தக் காலத்திலும் நம் லயத்துச் சனம் திருவிழாவுக்கும், கோயில் கட்டவும், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடக் கொட்டில் போடவும் சந்தா போட்டது. இல்லாதவர்கள் சேர்த்த காசில் நின்ற எதுவும் எனக்குச் சின்னதாகத் தெரிவதில்லை. அதே 1951 செப்டெம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தன சான் பிரான்சிஸ்கோவில் பேசி, இலங்கை ஜப்பானிடம் நட்டஈடு கேட்காது என்றார். ஜப்பானில் அது இன்றும் நன்றியோடு பேசப்படுகிறது. அந்தப் பேச்சு இங்கே பலருக்கும் தெரியும். பீப்பாய்க் கதை தெரியாது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1952 இல் வேறொரு கத்தி தொங்கியது. வெற்றி விகிதம் 30 வீதத்துக்குக் கீழே போகிற அணி கலைக்கப்படும் என்று லீக்கில் முடிவெடுத்தார்கள். எல்லோரும் கார்ப்பைத்தான் பார்த்தார்கள். கார்ப் 31.6 வீதத்தோடு தப்பியது. கீழே விழுந்தது இரண்டே வருடத்துக்கு முன் சாம்பியனாக இருந்த ஷோச்சிக்கு. அந்த அணிதான் கடைசியில் டையோவோடு போய்ச் சேர்ந்தது.

அந்த நாட்களில் கார்ப்பின் பெரிய பிட்சர் ஹசெகாவா ரியோஹெய். பிட்சர் என்றால் பந்து எறிகிறவர், கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் மாதிரி ஆட்டமே அவர் கையில்தான். உயரம் 167 சென்ரிமீற்றர்தான். தோற்றுக்கொண்டே இருந்த அணியில் நின்று 197 வெற்றி எடுத்தார். எங்கள் அணியில் எறிகிற பிள்ளைதான் வகுப்பிலேயே குள்ளம். இந்தக் கணக்கைக் கேட்டதும், "167 என்றால் எங்க அப்பா அளவுதானே டீச்சர்?" என்றாள். அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

1953 இல் அமெரிக்காவிலிருந்து சகோதரர்கள் இருவர் கார்ப்புக்கு விளையாட வந்தார்கள், கென்சோ, கென்ஷி செனிமுரா. அவர்களுடைய தகப்பன் கெனிச்சி செனிமுரா ஹிரோஷிமாவில் பிறந்து சின்ன வயதிலேயே கடல் கடந்து போனவர். போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தபோது, அரிசோனாப் பாலைவனத்தில் கிலா ரிவர் முகாமில் இருந்தபடியே அவர் ஒரு பேஸ்போல் மைதானம் கட்டினார். அப்படிப்பட்டவரின் பிள்ளைகள் தகப்பன் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது தெருவெல்லாம் சனம் கூடி வரவேற்றது. பூட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தனியாக விளக்க வேண்டிய விசயம் இல்லை.

1957 இல் உள்ளூர்க் கம்பெனிகள் கொடுத்த நன்கொடையில் நகர மைதானம் எழுந்தது. எங்கே தெரியுமா? குண்டு விழுந்தும் இடியாமல் நின்ற அந்தக் குவிமாடக் கட்டடத்துக்கு எதிரில். 1968 இல் டோயோ கோக்யோ என்ற வாகனக் கம்பெனியின் பெயர் அணியோடு சேர்ந்தது. அதுதான் பிற்பாடு மாஸ்டா என்று நமக்குத் தெரிந்த கம்பெனி. அந்த வருடம் மூன்றாம் இடம் வந்தார்கள், அதுவரைக்கும் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான். அப்புறம் மறுபடி சறுக்கி 1972, 73, 74 மூன்று வருடமும் கடைசி.

சரி, தொப்பிக்கு வருவோம். அதுவரை கார்ப் தொப்பி கருநீலம். 1975 இல் ஜோ லூட்ஸ் என்ற அமெரிக்கர் பயிற்றுநராகப் பொறுப்பெடுத்தார். போராடுகிற குணத்துக்குச் சிவப்புத்தான் பொருந்தும் என்று தொப்பியையும் ஹெல்மெட்டையும் சிவப்பாக்கினார். அந்தக் காலத்து ஜப்பானில் ஆண்கள் சிவப்பு அணிவதற்குக் கூச்சப்படுவார்கள், வீரர்களுக்கே முதலில் சங்கடமாக இருந்திருக்கிறது. லூட்ஸ் நிலைக்கவில்லை. நடுவரின் தீர்ப்பில் வந்த தகராறில் நிர்வாகம் தலையிட்டதும், பருவம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விலகிப் போய்விட்டார். சிவப்பு மட்டும் தங்கிவிட்டது. முன்பு கார்ப்பிலேயே விளையாடிய 39 வயது கோபா டக்கேஷி பொறுப்பெடுத்தார். மூன்று வருடம் கடைசியில் கிடந்த அணி, அந்த ஒக்டோபர் 15 ஆம் திகதி டோக்கியோ கொரக்குவென் மைதானத்தில் ஜயன்ட்ஸை வென்று முதல் தடவையாக லீக் சாம்பியனானது. அணி பிறந்து கால் நூற்றாண்டு. பார்க்க வந்தவர்கள் சோற்று அகப்பைகளை ஒன்றோடு ஒன்று தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஹிரோஷிமாவுக்குப் பக்கத்து மியாஜிமா தீவு மர அகப்பைக்குப் பேர்போனது.

அதனால் ஹட்டன் கூடையில் கிடந்தது கம்பெனித் தொப்பி இல்லை. 1975 இல் பிறந்த சிவப்பு அது.

அந்த அணியில் இரண்டு பேரைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் யமமொட்டோ கோஜி, ஹிரோஷிமாவின் சொந்தப் பிள்ளை, 536 ஹோம் ரன், கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகிற அடி. மற்றவர் கினுகாசா சச்சியோ. 1947 இல் கியோட்டோவில் பிறந்தவர், தகப்பன் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய். போர் முடிந்த ஜப்பானில் அப்படி ஒரு பிள்ளையாக வளர்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் 1970 இலிருந்து 1987 வரை ஓர் ஆட்டம் கூடத் தவறாமல் 2,215 ஆட்டம் தொடர்ந்து ஆடினார். 1987 ஜூனில் அமெரிக்காவின் லூ கெஹ்ரிக் வைத்திருந்த 2,130 என்ற சாதனையைத் தாண்டினார்.

அந்தத் தொடர் 1979 ஓகஸ்டில் அறுந்துபோகப் பார்த்தது. ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைந்துபோனது. அடுத்த நாளே மட்டையோடு வந்து நின்றார். எதிரில் எகாவா, அந்தக் காலத்தின் வேகமான பிட்சர்களில் ஒருவர். மூன்று பந்து, மூன்றுக்கும் முழு வீச்சு, மூன்றும் படவில்லை, ஆட்டமிழந்தார். உடைந்த எலும்போடு பாதி வீச்சு வீசிவிட்டுப் போயிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு பேசும்போது, முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது தன்மேல் பந்து எறிந்த பிட்சர் நிஷிமொட்டோவுக்கு என்றார். அந்தப் பிட்சர் மனம் உடைந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எங்கள் கெட்சர் பிள்ளை, மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கிறவள், ஒன்றும் பேசாமல் போய் மட்டையை எடுத்து மூன்று தடவை வீசிப் பார்த்தாள். 1996 இல் அமெரிக்காவின் கெல் ரிப்கன் 2,215 ஐத் தாண்டியபோது கினுகாசா கன்சாஸ் சிட்டிக்கே போய் அதை நேரில் பார்த்தார். 2018 இல் காலமானார்.

1979 இலேயே இன்னொன்று. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற ஜப்பான் சீரீஸ், அதில் ஏழாவது ஆட்டம், கின்டெட்சு அணியோடு, ஒசாக்காவில். கடைசி இன்னிங்ஸ், கார்ப் 4-3 முன்னிலை. ஒருவர்கூட ஆட்டமிழக்காமல் மூன்று பேஸிலும், அதாவது ஓடுகிறவர் தொட்டுப் போக வேண்டிய மூன்று இடத்திலும், எதிரணி ஆட்கள். எறிகிறவர் எனாட்சு யுட்டாக்கா. ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு மூன்றாம் பேஸில் நிற்பவரை ஓட வைக்கப் பார்த்தார். எனாட்சு எறிகிற அசைவின் நடுவிலேயே அதைக் கவனித்துப் பந்தை மட்டைக்கு எட்டாத பக்கம் எறிந்தார். கெட்சர் எழும்பிப் பிடித்தார், ஓடி வந்தவர் நடுவழியில் மாட்டினார். பிறகு மட்டைக்காரரும் ஆட்டமிழந்தார், மூன்று பேர் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. அந்த இன்னிங்ஸில் எறிந்தது 21 பந்து. கார்ப்புக்கு முதலாவது ஜப்பான் பட்டம். 1980, 1984 இலும் பட்டம் எடுத்தார்கள்.

1991 லீக் வெற்றிக்குப் பிறகு 25 வருடம் ஒன்றுமில்லை. நன்றாக வந்த வீரர்களைப் பணக்கார அணிகள் எடுத்துக்கொண்டன. 2009 இல் புதிய மைதானம் திறக்கப்பட்டது, அதற்கும் சனம் பழையபடி பீப்பாயில் காசு போட்டது. குரோடா ஹிரோக்கி என்ற பிட்சர் அமெரிக்காவில் நியூயோர்க் யாங்கீஸ் வரை போனவர். அங்கே பல மடங்கு சம்பளம் காத்திருந்தும் 2015 இல் பழைய ஊருக்குத் திரும்பினார். 2016 இல் கார்ப் லீக் பட்டத்தைப் பிடித்தது, 2017, 2018 இலும் விடவில்லை. ஜப்பான் சீரீஸ் மட்டும் 1984 க்குப் பிறகு இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது நான் அந்த முடிவுகளைப் பார்க்காமல் தூங்குவதில்லை.

பிள்ளைகள் அந்தத் தொப்பியை ஒருவரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எறிகிற பிள்ளை எவளோ அவள் போட்டுக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். உள்ளே எழுதியிருந்த ஜப்பான் பிள்ளையின் பெயரை நான் அழிக்க விடவில்லை. போட்டிக்குப் போக வான் கூலி தேவைப்பட்டபோது சம்பள நாளன்று தோட்டத்துப் பெற்றோர் சேர்த்துக் கொடுத்தார்கள். கேட்டுப் போன பிள்ளைகள் லயத்துக்கு லயம் பீப்பாய்க் கதையைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கடைக்காரருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். "அப்படியா டீச்சர்? நான் இதுக்கு முந்தி ரெண்டு மூணை மழைக்குப் போட்டுக்கச் சொல்லிச் சும்மா குடுத்துட்டேனே" என்றார். மழைக்குப் போட்டுக்கொண்டாலும் பிழையில்லை, ஆனால் யாருடைய தொப்பி என்று தெரிந்து போட்டுக்கொள்ளட்டும். அடுத்த கன்டெய்னரில் விளையாட்டுச் சாமான் வந்தால் பிரிக்க நான் வந்து உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இனிக் குறைகள். பில் தரும் பழக்கம் இல்லை. பாடசாலைக் கணக்குக்குப் பில் இல்லாமல் முடியாது, நான் வற்புறுத்தியதும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குங்கள், படிக்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. விலை எதிலும் ஒட்டியிருக்காது, பேசித்தான் வாங்க வேண்டும். மாலையில் மழை இறங்கினால் கூரையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது, அந்தப் பக்கம்தான் கிளவுஸ் கூடை. அதை இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். காலைப் பக்கம் போனால் கடைக்காரரே இருப்பார். பின்னேரம் இருக்கிற தம்பிக்கு விலை தெரியாது, எல்லாவற்றுக்கும் போன் போட்டுத்தான் கேட்பார்.

இன்னொன்று, பிள்ளைகளுக்கான சின்ன அளவு முதலிலேயே போய்விடுகிறது. கிளவுஸின் நீளம் 11 அங்குலத்துக்குள் இருந்தால் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரி, அதற்கு மேலே பெரிய பிள்ளைகளுக்கு. இடக்கையால் எறிகிற பிள்ளைக்கு வலக்கையில் மாட்டுகிற கிளவுஸ் வேண்டும், அது அரிதாகத்தான் வரும். எங்களிடம் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வேறு பாடசாலை ஆசிரியர்கள் யாராவது அந்தக் கூடையில் ஒன்றைக் கண்டு, உங்களுக்குத் தேவையில்லை என்றால், மஸ்கெலியா டீச்சருக்கு என்று சொல்லிக் கடையிலேயே வைத்துவிடுங்கள், நான் போய் எடுத்துக்கொள்கிறேன்.